சினைக் குதிரையை ரேக்ளா வண்டிப் பந்தயத்தில் ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா?

அண்ணன்மார்களுக்கு வணக்கம். நான் உடுமலைப் பக்கம். என் 7 வயது கத்தியவாரி இனப் பெட்டைக் குதிரை சினையாக இருக்கிறது. ஆண் குதிரையோடு சேர்த்து இன்றைக்கு 96 நாள். 16ஆம் நாள் ஸ்கேனில் ஒற்றைக் கரு, 30ஆம் நாள் துடிப்பும் தெரிந்தது. இன்னும் 3 வாரத்தில் ரேக்ளா, போக வர 8 கிலோமீட்டர். கூட்டாளி என்னைக் கேட்காமலேயே பணம் கட்டிவிட்டார். அது தனிக் கதை.

ஓட்டம் குறையவில்லை. ஆனால் கடைசி இரண்டு பயிற்சியிலும் மூச்சு அடங்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. கொள்ளிலும் பாதியை மிச்சம் வைத்துவிட்டாள். கசிவு, ரத்தம் எதுவும் இல்லை. பயிற்சியை நிறுத்தி 4 நாள் ஆகிறது. இப்போது தீனி எடுக்கிறாள், மூச்சும் சரி. மருத்துவரிடம் காட்டினேன். பெரும்பாலும் மாடு பார்ப்பவர். 'வேண்டாம்' என்றார், அவ்வளவுதான். பழைய வண்டிக்காரர்களோ ஐந்து மாதம் வரை தாராளமாக ஓட்டலாம் என்கிறார்கள். பிரிட்டன் பந்தயங்களில் 120 நாள்தான் எல்லை. ஆனால் அங்கே புல்தரையில் ஆளைச் சுமந்து ஓடுகிறது, இங்கே தார் ரோட்டில் வண்டி இழுக்க வேண்டும்.

மூன்று மாதம் தாண்டிய சினைக் குதிரையை வண்டியில் பூட்டி ஓட்டியவர்கள் சொல்லுங்கள்: குட்டி தங்கியதா?