மெழுகு அச்சுச் சேலையையும் சுங்குடி என்றே சொல்லலாமா?

மதுரையில் சுங்குடிச் சேலை விற்கத் தொடங்கியிருக்கிறேன், விலைச்சீட்டில் எந்தப் பெயர் போடுவது என்று தெரியவில்லை. துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கினாலும் சுங்குடி, அச்சால் மெழுகு பதித்துச் சாயமேற்றினாலும் சுங்குடி என்கிறார்கள். முடிச்சு வேலையில் புள்ளிகள் ஒன்றுபோல இருக்காது, நடுவில் சாயப் பொட்டு நிற்கும், லேசான சுருக்கமும் தெரியும். எத்தனை பொறுமையான வேலை அது! இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் மனசு ஒப்பவில்லை.

என்னிடம் உள்ளவை அரக்கு நிறப் பருத்தி, சரிகைக் கரை, வெள்ளைப் புள்ளிகள் எல்லாம் ஒரே அளவு. விளக்குத்தூண் பக்கக் கடைகளிலும் சாயப்பட்டறையிலும் கேட்டேன், ஆளுக்கொரு பதில். பொங்கலுக்குள் சீட்டு அடித்தாக வேண்டும்.

மெழுகு அச்சுச் சேலையைப் பிரித்துச் சொல்ல சுங்குடி வேலையைப் பரம்பரையாகச் செய்துவரும் சௌராஷ்டிரக் குடும்பங்களில் புழங்கும் சொல் எது?