எம்ஆர்சிஓஜி பார்ட் 3: துயரச் செய்தி சொல்லும் டாஸ்க்கில் நேரம் போதவில்லை

மதுரையில் மகப்பேறு மருத்துவராக இருக்கிறேன். நவம்பரில் எனக்கு எம்ஆர்சிஓஜி (பிரிட்டனின் மகப்பேறு மருத்துவத் தகுதித் தேர்வு) பார்ட் 3, அதாவது செய்முறைத் தேர்வு. மொத்தம் 14 டாஸ்க், ஒவ்வொன்றும் 12 நிமிடம், அதில் முதல் 2 நிமிடம் படிக்க. ஷோல்டர் டிஸ்டோசியா (பிரசவத்தில் தலை வந்தபின் குழந்தையின் தோள் சிக்குவது), பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு எல்லாம் சரளமாக வருகின்றன. குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டதைத் தாயிடம் சொல்வதில்தான் திணறுகிறேன். அவர் அழ இடம் கொடுத்தால், பிரசவத்தைத் தூண்டுவது, பிரேதப் பரிசோதனை பற்றிப் பேசுவதற்குள் மணி அடித்துவிடுகிறது. வேகம் கூட்டினால் பேச்சில் ஈரமே இல்லை.

டைமர் வைத்துப் பார்த்தேன், பேசியதைப் பதிவுசெய்தும் கேட்டேன். கணவர் நோயாளியாக நடித்தார். அவரும் மருத்துவர், அதனால் சாதாரண மனிதர் கேட்கும் கேள்விகள் வருவதில்லை. இங்கே தமிழில் இயல்பாக வரும் ஆறுதல், ஆங்கிலத்தில் ஒப்பிப்பதுபோல ஆகிவிடுகிறது.

தேர்ச்சி பெற்றவர்களே, அந்த 10 நிமிடத்தை அழுகைக்கும் விளக்கத்துக்கும் எப்படிப் பிரித்துப் பழகினீர்கள்?