மழை விட்டு மூணு மணி நேரமாச்சு, படம் மட்டும் வரலை

(டிஷ், கேபிள், ஸ்ட்ரீமிங் பற்றி நாலு பேர் தாங்கள் பார்த்த கேஸ்களைப் பேசுகிறார்கள்.)

ஏணிக்காரன்:
டிஷ்ஷைக் கழற்றிப் போட்டுட்டு ஸ்ட்ரீமிங்குக்கு மாறிடலாம்னு முடிவே பண்ணிட்ட வீடு. காரணம் மழை. தூறினா படம் கட்டம் கட்டமா உடையும், வலுத்தா மொத்தமா போயிடும். அதுவரைக்கும் வழக்கமானதுதான், வீட்டு டிஷ்ஷுக்கு வர்ற கேயு பேண்ட் அலைவரிசையை மழை விழுங்கத்தான் செய்யும். ஆனா மழை நின்னு, வானம் வெளுத்து, மூணு மணி நேரம் கழிச்சும் திரையில 'சிக்னல் இல்லை'. உறுத்தறது அந்த மூணு மணி நேரம்தான். மழை தின்ன சிக்னல் மழை விட்ட சில நிமிஷத்துல திரும்பிடணும். திரும்பலைன்னா பெரும்பாலும் தண்ணி வயருக்குள்ள இருக்கு.

எல்.என்.பி. (டிஷ்ஷுக்கு முன்னாடி நீட்டிட்டு இருக்கிற, சிக்னலைப் பிடிக்கிற தலை) பக்கம், வயர் முனையில இருக்கிற எஃப் கனெக்டரைத் திருகி எடுத்தா உள்ளே பச்சைக் களிம்பு. நடுக்கம்பியைச் சுத்தி இருக்கிற பின்னல் கம்பி கறுத்துப் போன வரைக்கும் வெட்டிட்டுப் புதுக் கனெக்டர். நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 2, 3 மில்லிமீட்டர் நீட்டினா போதும். பின்னல் இழை ஒண்ணுகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. தொட்டா பாக்ஸ்ல இருந்து எல்.என்.பி.க்குப் போற 13 அல்லது 18 வோல்ட் ஷார்ட் ஆகி, வெயில் அடிக்கிறப்பவே சிக்னல் பூஜ்யம். மேலே ரப்பர் டேப். வயரைக் கனெக்டருக்குக் கீழே ஒரு வளைவு தொங்க விட்டா தண்ணி அங்கேயே சொட்டிடும். டிஷ்ஷை மாத்தவே வேண்டியதில்லை.

கேபிள் பக்கம்:
இந்த ஏணி வேலையே வேண்டாம்னுதான் கேபிள். ஹெட்எண்டில், அதாவது கேபிள்காரர் சேனல்களை வாங்கி அனுப்பும் இடத்தில், பெரிய சி பேண்ட் (கேயு பேண்டைவிடத் தாழ்ந்த அலைவரிசை) டிஷ் இருந்தால் மழை அதை அவ்வளவாக அசைக்காது. ஆனால் கேபிளுக்கும் வானத்துக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்து ஏமாந்த கேஸ் ஒன்று: மார்ச் மாதம், பளிச்சென்று வெயில், தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சில நிமிஷம் சேனல்கள் காலி. வீட்டு வயரை இரண்டு முறை மாற்றினார்கள். வயர் என்ன செய்யும்? சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிற நேரம் அது. ஹெட்எண்ட் டிஷ்ஷும் சூரியனின் ரேடியோ இரைச்சலைத்தான் கேட்கும். மார்ச் வாக்கிலும் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலும் வரும், சில நாளில் தானாகப் போகும். எதையும் தொட வேண்டாம்.

ஸ்பிளிட்டர் சாமி:
கேபிள் பக்கம், வயர் என்ன செய்யும் என்று கேட்காதீர்கள், நிறையவே செய்யும். கேபிளை விட்டு டிஷ்ஷுக்கு வந்த வீட்டில், ஒரு வயரை இரண்டு டிவிக்குப் பிரிக்கும் பழைய ஸ்பிளிட்டர் அப்படியே. ஹாலில் சேனலை மாற்றினால் படுக்கையறையில் படம் சாகும். ஹால் பாக்ஸ் 18 வோல்ட் அனுப்புகிறது, மற்றது 13. எந்தச் சேனல் தொகுப்பு வேண்டும் என்று எல்.என்.பி.க்குச் சொல்வது இந்த வோல்ட்தான். எல்.என்.பி. ஒரே நேரத்தில் ஒரு பேச்சுக்குத்தான் கட்டுப்படும். இரட்டை எல்.என்.பி. போட்டு ஆளுக்கொரு வயர் இழுப்பதுதான் வழி. அந்த ஸ்பிளிட்டர் மேல் 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருக்கும். டிஷ் வயரில் ஓடுவதோ 950 முதல் 2150. கேபிளில் பிரிக்கலாம், ஆனால் இரண்டாகப் பிரித்தால் சிக்னலில் சுமார் 3.5 டெசிபல், நான்காகப் பிரித்தால் 7 போகும். சும்மா கிடக்கும் முனைக்கு, சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் 75 ஓம் மூடி.

பஃபரிங்:
ஸ்ட்ரீமிங்கில் மேட்ச் பார்த்த வீடு. பக்கத்து வீட்டில் 'கோல்' என்று கத்தி அடங்கிய பிறகு இங்கே பந்து இன்னும் நடுக்களத்தில். 'நெட் ஸ்லோ' என்று பிளானை உயர்த்தினார்கள், மாறவே இல்லை. நேரலை துண்டு துண்டாக வருகிறது. ஒரு துண்டு 6 விநாடி, ஆப் மூன்றைச் சேர்த்துக்கொண்டுதான் ஓட்டும் என்றால் அங்கேயே 18 விநாடி. செயற்கைக்கோள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தாலும் ஏறி இறங்க கால் விநாடிதான்.

ஸ்ட்ரீமிங்குக்கு மாறப் போகிறவர்களுக்கு, கேட்காவிட்டாலும்: நெட் வேகத்தை போனில் பார்க்காதீர்கள், டிவி இருக்கிற இடத்தில் டிவியிலேயே பாருங்கள். சுவரோடு ஒட்டிய டிவிக்குப் பின்னால் வைஃபை வலு குறையும். 2.4 கிகாஹெர்ட்ஸ் நெரிசல், 5 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டத் திணறும். முடிந்தால் லேன் வயர். டிவியின் முனை 100 எம்பிபிஎஸ்தான் என்றாலும் தாராளம். நெட்ஃபிளிக்ஸ் ஃபுல் எச்டிக்குக் கேட்பது 5, 4கே-க்கு 15. ஒரு மணி நேரம் 5-இல் ஓடினால் 2.25 ஜிபி, 15-இல் 6.75. டேட்டா வரம்பு உள்ள இணைப்பென்றால் முதலில் இந்தக் கணக்கு. ரௌட்டரை அலமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள், அதையும் பார்த்தாயிற்று.

ஏணிக்காரன்:
பஃபரிங், நான் சொன்ன அந்த டிஷ் வீட்டு ரௌட்டரும் அலமாரிக்குள்ளதான் இருந்துச்சு. மாறியிருந்தா மழை இல்லாமலே படம் நின்னிருக்கும்.