புதுப்பிப்பு: கென்யாவில் வெளிநாட்டவர் நிலம் வாங்குவது
நைரோபியை அடுத்த கியாம்புவில் அரை ஏக்கர் நிலத்தை, இந்தியக் குடிமகனான நான் முழு உரிமையுடன் வாங்க இயலுமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன், இயலாது. 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 65ஆம் பிரிவின்படி குடிமகன் அல்லாதவருக்குக் குத்தகை உரிமை மட்டுமே உண்டு என்பதோடு, பத்திரத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது 99 ஆண்டுக் குத்தகைக்கு மேல் செல்லாது. உள்ளூர்க் கூட்டாளியுடன் நிறுவனம் தொடங்கினால் போதும் என்று தரகர் அடித்துச் சொன்னதும் தவறு. பங்குகள் முழுவதும் குடிமக்களிடம் இருந்தால்தான் அந்த நிறுவனம் குடிமகனாகக் கருதப்படும்.

பதிவேட்டு நகலை வாங்கிப் பார்த்தபோதுதான் அது விவசாய நிலம் என்பதே தெரிந்தது (தரகர் காட்டிய படத்தில் காபிச் செடிகள் வரப்பு வரை நின்றிருந்தன, நான்தான் கவனிக்கவில்லை). அத்தகைய நிலத்தை வெளிநாட்டவருக்கு விற்க, குடியரசுத் தலைவர் விலக்களித்தாலன்றி, நிலக் கட்டுப்பாட்டு வாரியம் ஒப்புதல் தராது. முன்பணம் கொடுக்காமல் விலகிவிட்டேன். இப்போது நகருக்குள் குத்தகை உரிமையுள்ள அடுக்குமாடி வீடு ஒன்றைப் பார்த்து வருகிறேன், அதற்கு முத்திரைத் தீர்வை 4 சதவீதம்.