அப்பாவுக்கு மூணு வாரமா இருமல், ரத்தப் பரிசோதனை போதுமா?

பவானிக்காரன்:
அப்பாவுக்கு வயசு 58, ஜமக்காளத் தறி வேலைங்க. சர்க்கரை இருக்கு. மூணு வாரமா இருமல், சாயங்காலமானா உடம்பு சுடுது, சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிருச்சு. எக்ஸ்ரேல நிழல் மாதிரி தெரியுதாம். ரத்தத்துலயே டிபி பார்த்துரலாம்னு ஒரு லேப்ல சொல்றாங்க. பார்க்கலாமா? ஜி.எச். போனா ஊருக்கே தெரிஞ்சிரும்னு அம்மா அழுவறாங்க. வீட்ல அண்ணன் குழந்தை வேற இருக்கு, மூணு வயசு.

லேப் அக்கா:
தம்பி, அதுக்குக் காசு கட்டாதீங்க. நான் அரசு ஆஸ்பத்திரி லேப்ல சளி பார்க்கறவ. ரத்தத்துல ஆன்டிபாடி பார்த்து டிபின்னு சொல்ற கிட்டை 2012லயே நம்ம நாட்டுல தடை பண்ணிட்டாங்க. இக்ராங்கற ரத்தப் பரிசோதனை, மாண்டோங்கற தோல் ஊசிப் பரிசோதனை ரெண்டும் கிருமி எப்பவாவது உள்ள வந்திருக்கான்னுதான் காட்டும், இப்ப நோய் இருக்கான்னு காட்டாது. எக்ஸ்ரே நிழலும் பழைய தழும்பா இருக்கலாம். சர்க்கரைக்காரங்களுக்கு டிபி சுலபமா வரும், அதனால தள்ளிப்போடாம சளி குடுங்க. ட்ரூநாட், சிபிநாட் எந்த மெஷின்ல பார்த்தாலும் கிருமி இருக்கா, டிபிக்குக் குடுக்கற ரிஃபாம்பிசின் மாத்திரைக்குக் கட்டுப்படுமான்னு சுமாரா ரெண்டு மணி நேரத்துல தெரிஞ்சிரும். இலவசம்.

ஒண்ணே ஒண்ணு, எச்சிலைத் துப்பிக் குடுத்துராதீங்க. எனக்கு வர்ற டப்பாவுல நிறைய அப்படித்தான் வருது, மனசு ஆறவே மாட்டேங்குது. எச்சில்ல பார்த்து ‘இல்லை’ன்னு வந்தா அதை எப்படி நம்பறது? காலைல எந்திரிச்சதும் வெறும் தண்ணில வாய் கொப்பளிச்சுட்டு, மூச்சை நல்லா இழுத்து, நெஞ்சுக்குள்ள இருந்து இருமச் சொல்லுங்க. மொட்டை மாடி மாதிரி காத்தாட இருக்கற இடத்துல, குழந்தை பக்கத்துல இல்லாம. கெட்டியா வந்தா அதுதான் வேணும்.

சேலம் மாமா:
நான் ஆறு மாசம் மாத்திரை முடிச்சு நல்லா இருக்கேன் தம்பி. டிபின்னே வந்தாலும் தட்டு, டம்ளரைப் பிரிச்சு வெச்சு அவர் மனசை நோகடிச்சிராதீங்க. இது காத்துல பரவறது. ஜன்னலைத் திறந்து வைங்க, இருமும்போது வாயைத் துணியால மூடச் சொல்லுங்க. சிகிச்சை நடக்கற வரைக்கும் சத்துணவுக்கு மாசம் 1000 ரூபா பேங்க்ல போடறாங்க.

பவானிக்காரன்:
ரொம்ப நன்றிங்க. குழந்தைக்கு என்னங்க்கா பண்றது?

லேப் அக்கா:
அப்பாவுக்கு உறுதியாச்சுன்னா குழந்தையையும் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. நோய் இல்லன்னா தடுப்பு மருந்து குடுப்பாங்க. ரிசல்ட்டை நாங்க அக்கம்பக்கத்துல சொல்றதில்லைன்னு அம்மாகிட்ட சொல்லுங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் மெடிக்கல்ல நீங்களா ஆன்டிபயாடிக் வாங்கிக் குடுக்காதீங்க. அதுல சிலது டிபியைக் கொஞ்ச நாள் அமுக்கி வெச்சிரும், கண்டுபிடிக்கறது தள்ளிப்போயிரும்.