மாவுக்கட்டு பிரிச்சு மூணு வாரம் ஆச்சு, மோதிர விரல் நுனி மடங்கவே மாட்டேங்குது

கேள்வி:
வணக்கம். பந்து புடிக்கும்போது மோதிர விரல்ல அடிப்பக்க எலும்பு உடைஞ்சு நாலு வாரம் கட்டு போட்டிருந்தாங்க. இப்ப பிரிச்சு மூணு வாரம் ஆகுது, எலும்பு சேர்ந்துடுச்சுன்னு சொல்லிட்டாங்க. ஆனா நடுக்கணு பாதிதான் மடங்குது, நுனிக்கணு சுத்தமா அசையல, கையை மூடினா அந்த விரல் மட்டும் நீட்டிக்கிட்டு நிக்குது. வீட்ல தினமும் புடிச்சு அழுத்தி மடக்கி விடுறாங்க, உயிர் போற வலி. இப்படிப் பண்ணலாமா? தானா சரியாகுமா?

பதில் 1:
நான் பிசியோதெரபிஸ்ட், பெரும்பாலும் கை கேஸ்தான் பாக்குறேன். முதல்ல அந்த அழுத்தி மடக்குறதை இன்னைக்கே நிறுத்துங்க. உள்ள நசுங்கி வீக்கம் கூடும், வீக்கம் கூடினா தழும்புத் திசு இன்னும் கெட்டியாகும்.

விரலை மடக்குற பெரிய தசைங்க விரல்ல இல்ல, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல இருக்கு. அங்க தொட்டுக்கிட்டு விரலை மடக்கிப் பாருங்க, அசையறது தெரியும். அங்கிருந்து கட்டைவிரல் தவிர ஒவ்வொரு விரலுக்கும் ரெண்டு தசைநார் கயிறு மாதிரி வருது. மேல வர்றது ரெண்டா பிரிஞ்சு நடு எலும்புல ஒட்டும், ஆழத்துல இருக்கறது அந்த இடுக்கு வழியா நுழைஞ்சு நுனி எலும்பு வரைக்கும் போகும். நுனியை மடக்குறது அந்த ஆழமானது மட்டும்தான். உடைஞ்ச எலும்பை ஒட்டியே ரெண்டும் ஓடுறதால அங்க ஒட்டிக்க வாய்ப்பு ஜாஸ்தி.

ரெண்டு விஷயம் செஞ்சு பாத்து சொல்லுங்க. இன்னொரு கையால மெதுவா நுனியை மடக்கினா மடங்குதா? அப்புறம் கையைத் தளர்த்தி விட்டுட்டு மணிக்கட்டை மட்டும் பின்பக்கம் சாய்ங்க, மத்த விரல் எல்லாம் தானா சுருளும், இதுவும் சுருளுதா?

பதில் 2:
எனக்கு சுண்டுவிரல்ல இதே மாதிரி ஆச்சு, ஆனா எனக்கு மூட்டே இறுகிப் போயிருந்துச்சு, யாரு மடக்கினாலும் மடங்காது. வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் வச்சுட்டு, நடு எலும்பை இன்னொரு கையால அசையாம புடிச்சுக்கிட்டு நுனியை மட்டும் மடக்கி அஞ்சு செகண்ட், இப்படி பத்து தடவை, ஒரு நாளைக்கு அஞ்சாறு வேளை. ஒரேடியா அரைமணி நேரம் பண்ணா மறுநாள் வீங்கிடும், கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி பண்றதுதான் எனக்குக் கை கொடுத்துச்சு. முழுசா மூட நாலு மாசம் ஆச்சு, பொறுமையா இருங்க.

கேள்வி கேட்டவர்:
பாத்தேன் சார். இன்னொரு கையால மடக்கினா நுனி ஈஸியா மடங்குது! நானா மடக்கினா வரல. மணிக்கட்டை சாய்ச்சப்ப மத்த விரல் சுருண்டுச்சு, இதோட நுனி மட்டும் நேராவே நிக்குது.

பதில் 1:
அப்போ உங்க பிரச்சினை மூட்டு இறுக்கம் மட்டும் இல்லங்க, இழுக்குற நார் வேலை செய்யல. எலும்புல ஒட்டியிருக்கலாம், இல்ல அடிபட்டப்பவே அறுந்திருக்கலாம், இங்க உக்காந்து நான் சொல்ல முடியாது. இந்த வாரமே கை அறுவை சிகிச்சை டாக்டர்கிட்ட காட்டுங்க. அறுந்திருந்தா நாளாக ஆக அறுந்த நாரோட முனை உள்ளங்கைப் பக்கம் சுருங்கிப் போயிடும், அப்புறம் நேரடியா சேர்த்துத் தைக்கறது கஷ்டம். ஒட்டியிருந்தா பயிற்சியில விடுபடவும் வாய்ப்பு இருக்கு. ஏற்கனவே எடுத்த எக்ஸ்ரே எல்லாம் கையோட கொண்டு போங்க, அல்ட்ராசவுண்ட் தேவையான்னு கேளுங்க. விரல் நுனி மரத்துப் போயிருந்தா அதையும் மறக்காம சொல்லுங்க. அதுவரைக்கும் வெயிட் எதுவும் தூக்காதீங்க, மத்த விரலை சும்மா விடாம அசைச்சுக்கிட்டே இருங்க.