நடுவில் ஒரு ரூட்டர் 70% பாக்கெட்டை விடுகிறது, அவசர உதவி தேவை

அளவைக்காரன்:
வணக்கம். இணையத்தின் நம்பகத்தன்மை பற்றிய ஆய்வுக்காக அளந்துகொண்டிருக்கிறேன். நடுவில் ஒரு ரூட்டர் 70% பாக்கெட்டை (தரவுத் துண்டுகளை) தொலைக்கிறது. போதாக்குறைக்குப் பாதையும் அடிக்கடி மாறுகிறது. யாராவது ட்ராஃபிக்கைக் கடத்துகிறார்களா? நாளைக்குள் கைடிடம் காட்ட வேண்டும், ப்ளீஸ்.

நூல்கண்டு:
எந்தக் கருவி? எந்த நெறிமுறையில் அனுப்புகிறீர்கள், ஐசிஎம்பியா, யூடிபியா, டிசிபியா? வைஃபையா, கேபிளா? எல்லாவற்றுக்கும் மேல், கடைசி ஹாப்பில் (வழியில் வரும் ஒவ்வொரு ரூட்டரும் ஒரு ஹாப், கடைசி என்பது இலக்கு) இழப்பு எவ்வளவு?

வரிசைநீளம்:
இது பஃபர்ப்ளோட்தான் (காத்திருக்கும் வரிசை அளவுக்கு மீறி வீங்குவது), சந்தேகமே வேண்டாம். மோடமில் வரிசை நீண்டால் தாமதம் எகிறும், பிறகு பாக்கெட் விழும். ரூட்டரில் எஃப்கியூ-கோடெல் என்ற வரிசை மேலாண்மை முறையைப் போட்டுப் பாருங்கள். அதை விளக்கும் இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 8290 படிக்க வேண்டியது.

நூல்கண்டு:
வரிசை வீட்டில் நீண்டால் முதல் ஓரிரு ஹாப்களிலிருந்தே தாமதம் ஏறுமே. அவர் நடுவில் என்கிறார்.

அளவைக்காரன்:
எம்டிஆர் (வழியில் உள்ள ஒவ்வொரு ஹாப்பையும் சோதிக்கும் கருவி), இயல்பான அமைப்புதான். கேபிள்.
ஹாப் — இழப்பு — தாமதம் (மில்லிவினாடி)
5 — 0% — 8.1 மி.வி.
6 — 70% — 9.4 மி.வி.
7 — 0% — 9.0 மி.வி.

பழையரூட்டர்:
தம்பி, ஆய்வில் இறங்கும் முன் இந்த வெளியீட்டைப் படிக்கப் பழக வேண்டாமா? 6-ல் நிஜமாகவே 70% விழுந்தால் 7-க்கு எப்படி எல்லாம் போய்ச் சேரும்? பெரிய ரூட்டர்களில் பாக்கெட்டை அடுத்த ஹாப்புக்கு அனுப்புவது வன்பொருள். எம்டிஆர் அனுப்புவது போல டிடிஎல் (இன்னும் தாண்டக்கூடிய ஹாப்களின் எண்ணிக்கை) வழியில் தீர்ந்த பாக்கெட்டுக்குப் பதில் எழுதுவது பெரும்பாலும் அதன் சிபியு. அந்த வேலைக்கு முன்னுரிமை குறைவு, வரம்பும் வைத்திருப்பார்கள். 1995-ல் வந்த ஆர்எஃப்சி 1812-லேயே ஐசிஎம்பி பிழைச் செய்திகளுக்கு வரம்பு வைப்பது பற்றி இருக்கிறது. இழப்பு ஒரு ஹாப்பில் தொடங்கிக் கடைசி வரை தொடர்ந்தால் மட்டும் கவலைப்படு.

நூல்கண்டு:
விஷயம் சரி சார், தொனியைக் கொஞ்சம் குறைக்கலாம். கேட்க வந்தவர்தானே.

வேர்ச்சான்று:
கடத்தல் கேள்வியை யாரும் தொடவில்லை. 2008 பிப்ரவரியில் யூட்யூப் முகவரிகளில் ஒரு /24 தொகுதியைத் தன் வழியே அடையலாம் என்று பாகிஸ்தான் டெலிகாம் அறிவித்தது. யூட்யூபின் சொந்த அறிவிப்பு /22, அதைவிடப் பெரிய தொகுதி. சிறிய தொகுதியைக் குறிக்கும் நீளமான முன்னொட்டுக்கே (முகவரியின் பொதுவான தொடக்கப் பகுதி) முதலிடம் என்பதால் ட்ராஃபிக் அங்கே போனது. இதை ட்ரேஸ்ரூட்டை (எம்டிஆர் போலப் பாதையைக் காட்டும் கருவி) வைத்துத் தீர்மானிக்க முடியாது. பாதை அறிவிப்புகளைத் தொகுக்கும் ரைப்ஸ்டாட்டிலோ ரூட்வியூஸிலோ உங்கள் இலக்கின் முன்னொட்டை எந்த ஏஎஸ் (ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள நெட்வொர்க்) அறிவிக்கிறது என்று பாருங்கள். ஆர்பிகேஐ சான்று (அந்த முன்னொட்டை அறிவிக்க யாருக்கு உரிமை என்பதற்கான டிஜிட்டல் சான்று) செல்லுபடியா என்றும் பாருங்கள். ஆனால் அந்தச் சான்று தொடக்க ஏஎஸ்ஸை மட்டும்தான் உறுதிசெய்யும், வழியை அல்ல.

பாதை மாறுவதற்குச் சுமை பகிர்வே பெரும்பாலும் காரணம். பழைய ட்ரேஸ்ரூட் ஒவ்வொரு யூடிபி பாக்கெட்டுக்கும் போர்ட்டை மாற்றும். ரூட்டர் அவற்றைத் தனித்தனி ஓட்டமாக எடுத்துக்கொண்டு வெவ்வேறு வழியில் தள்ளும். இதற்காகத்தான் 2006-ல் பாரிஸ் ட்ரேஸ்ரூட் வந்தது. ஓட்டத்தின் அடையாளத்தை மாற்றாமல் அனுப்பும்.

வரிசைநீளம்:
சுமையோடு அளக்காமல் எதுவும் தெரியாது. முதலில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள்.

பழையரூட்டர்:
ஸ்பீட் டெஸ்ட்டா? பல இணைப்புகளைத் திறந்து குழாயை நிரப்பும் ஊக்லா எண்ணை ஆய்வில் யார் ஏற்பார்கள்? எம்-லேப்பின் என்டிடி ஒரே டிசிபி இணைப்பில் அளக்கிறது, அதுதான் நேர்மை.

வரிசைநீளம்:
ஒரே இணைப்பில் ஒரு பாக்கெட் விழுந்தாலும் வேகம் சரியும். உலாவி ஒரே இணைப்பிலா பக்கத்தைத் திறக்கிறது?

வேர்ச்சான்று:
இரண்டும் வேறு வேறு கேள்விக்குப் பதில். கொள்ளளவு ஒன்று, ஒரு தனி ஓட்டத்துக்குக் கிடைப்பது இன்னொன்று. தனி இழை தொடங்குங்கள், இங்கே இவர் கேட்டது வேறு.

நூல்கண்டு:
அளவைக்காரன், கடைசி ஹாப்பை இன்னும் சொல்லவில்லை. எம்டிஆரை டிசிபி 443-ல் (பாதுகாப்பான வெப் பக்கங்களுக்கான போர்ட்) ஓட்டுங்கள். இலக்கு வெப் சர்வர் என்றால் நிஜ ட்ராஃபிக்குக்கு அதுதான் நெருக்கம். ஒரே இடத்திலிருந்து அளந்து முடிவு சொல்லாதீர்கள், ரைப் அட்லஸ் ப்ரோப்கள் (பல இடங்களில் வைக்கப்பட்ட அளவீட்டுக் கருவிகள்) சிலவற்றிலிருந்தும் இதே இலக்குக்கு அனுப்புங்கள்.

அளவைக்காரன்:
443-ல் ஓட்டியாச்சு. 6-ல் அதே இழப்பு, கடைசியில் 0%. பாரிஸ் முறையில் பாதை மாறவில்லை. தொடக்க ஏஎஸ்ஸும் சரி. நன்றி எல்லோருக்கும், கிளம்புகிறேன்.

வேர்ச்சான்று:
ஐபிவி4-ஆ, ஐபிவி6-ஆ? இரண்டுக்கும் பாதை தனி. அறிக்கையில் அதைக் குறிப்பிடுங்கள்.

நூல்கண்டு:
எதிர்த்திசைப் பாதையையும். பதில் வந்த வழி எம்டிஆரில் தெரியாது.